ஆலைக்குப் போன அண்டா

என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த சீர்ப் பாத்திரங்களில் ஒன்றின் மேல் மட்டும் எனக்கு அளவுகடந்த ஆசை. அது எட்டுக் குடம் தண்ணீர் பிடிக்கிற செம்பு அண்டா. புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தால் பார்க்கிறவர்களுக்குக் கண் கூசும். கழுத்துக்குக் கீழே அப்பாவின் பெயர், எங்கள் ஊர், கல்யாணத் தேதி மூன்றையும் பாத்திரக் கடைக்காரர் சின்ன உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்தாராம். தேதியில் ஒரு புள்ளி கூடிவிட்டது என்று கடைக்காரரோடு சண்டையும் போட்டாராம். எனக்கு இருக்கிற கோபம் எங்கிருந்து வந்தது என்று யாரும் குழம்ப வேண்டியதில்லை.

புகுந்த வீட்டில் அதைப் பார்த்ததும் என் மாமியார் சொன்னது, "இவ்வளவு பெரிய அண்டாவை எங்கம்மா வைக்கிறது?" என்பதுதான். மறுநாளே அண்டா பரணுக்கு ஏறியது. மூன்று வருடம் அங்கேயே சின்ன வெங்காயத்தைச் சுமந்துகொண்டு கிடந்தது. ஒவ்வொரு முறை வெங்காயம் எடுக்க ஏறும்போதும் எனக்கு வயிறு எரியும்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே எங்கள் ஊர். வாழையும் கரும்பும்தான் விளைச்சல். மாமனார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். நிலத்தைக் கட்டி ஆண்டது மாமியார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். ஆனால் எந்த வயலில் எத்தனாம் நாள் தண்ணீர் கட்டியது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். என் கணவர் திருச்சியில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். நீராவி இன்ஜின்களைப் பழுது பார்க்கிற வேலை. காலையில் சைக்கிளில் ஆற்றுப் பாலம் தாண்டிப் போவார், சாயங்காலம் கையெல்லாம் கிரீஸோடு திரும்புவார்.

அவரிடம் ஒரு வியாதி உண்டு. கண்ணில் படுகிற எதையும் அவரால் சும்மா விட முடியாது. முறுக்கு உரலைக் கையால் அழுத்துவது கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு தீபாவளிக்கு அதில் இரும்புக் கைப்பிடி ஒன்றைப் பொருத்தினார். முதல் அழுத்திலேயே உரலின் அடித்தட்டு கழன்று, மாவோடு எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்தது. அதற்குப் பிறகு சமையலறைக்குள் அவர் ஸ்பேனரோடு வரக் கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்தேன். கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுகிற ஆலைக்கொட்டகைக்குச் சட்டம் போடத் தோன்றவில்லை.

அந்த வருடம் ஆவணியில் என் நாத்தனாரை மண்ணச்சநல்லூரில் கட்டிக்கொடுத்தோம். கல்யாணப் பந்தியில் பாயசம் கறுத்துப்போயிருந்தது. எங்கள் வீட்டு வெல்லம்தான் காரணம். அந்தத் தடவை பாகு அடுப்பில் கூடுதல் நேரம் கிடந்துவிட்டது. சம்பந்தியம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, சுற்றி நாலு பேர் இருக்கும்போது, "வெல்லம் உங்க சொந்த ஆலையா? அதானே பார்த்தேன்" என்று சிரித்தார். என் மாமியார் முகம் செத்துப்போனது. அடுத்த நிமிடமே எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "தலைப்பொங்கல் சீருக்கு அதே ஆலையிலேருந்து வெல்லம் வரும் சம்பந்தியம்மா. பொன்னாட்டம் இருக்கும். பாருங்க."

சொன்னது சொன்னதுதான். மண்ணச்சநல்லூர்க்காரர்களுக்கு அரிசியைச் சீராகக் கொண்டுபோய்ப் பெருமைப்பட முடியாது. தெருவுக்குத் தெரு அரிசி ஆலை இருக்கிற ஊர். கொல்லன் தெருவில் ஊசி விற்றால் யார் மதிப்பார்கள்? முறைக்கு ஒரு மூட்டை அரிசி போகும். ஆனால் அந்த வீட்டில் நாத்தனார் தலை நிமிர்ந்து நிற்பதும், மாமியார் வாக்கு நிற்பதும் வெல்லத்தின் நிறத்தில் இருந்தது.

எங்கள் ஊரில் ஆலைக்கொட்டகை பதினோரு வீட்டுக்கும் பொது. கார்த்திகையில் அம்மன் சந்நிதியில் சீட்டுப் போட்டு முறை எடுப்பார்கள். அம்மன் கொடுத்த முறை என்பதால் அதை யாரும் யாரோடும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். மாற்றினால் பாகு திரளாது என்று நம்பிக்கை. அதுவரை வீட்டுக்கு நாலு நாள் என்று இருந்தது. அந்த வருடம் மாடு கட்டி ஆட்டுகிற செக்கை எடுத்துவிட்டு ஆயில் இன்ஜின் வைத்தார்கள். "இன்ஜின்ல ரெண்டே நாள்ல ஆட்டி முடிச்சிரலாம், ஆளுக்கு ரெண்டு நாள் போதும்" என்று ஊர்ப் பெரியவர்கள் தீர்த்துவிட்டார்கள். கரும்பை ஆட்ட இன்ஜின் வந்தது சரி, சாற்றைக் காய்ச்ச என்ன வந்தது? அதே ஒரு கொப்பரை, அதே அடுப்பு, அதில் எரிக்க அதே காய்ந்த சக்கை. இதை யோசித்தவர் ஒருவரும் இல்லை. எங்களுக்குக் கிடைத்தது போகிக்கு முந்தின இரண்டு நாள். அதோடு பொங்கலுக்காகக் கொட்டகையை மூடிவிடுவார்கள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் கணவர் சாம்பாரால் தட்டில் படம் போட்டார்.

"இன்ஜின் பாய்லருக்குள்ள பச்சைத் தண்ணிய விடமாட்டோம்மா. வெளியில வீணாப் போற ஆவியில அதை முதல்ல சுட வச்சு, அப்புறம்தான் உள்ள விடுவோம். நம்ம கொப்பரையிலேருந்து போற ஆவி என்ன பண்ணுது? கூரையை வேக வைக்குது. அதைப் பிடிச்சு அடுத்த சாத்தைச் சுட வச்சுட்டோம்னா, கொப்பரையில ஊத்துன உடனே கொதி வந்துரும். ஒரு நாளைக்கு ரெண்டு கொப்பரை கூடுதலா இறக்கலாம்."

மாமியார் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "நெஜமாவாடா?"

"நெஜமா."

"அப்படின்னா செய்யி" என்றார். நான் முறுக்கு உரலை ஞாபகப்படுத்தினேன். என்னை யாரும் மதிக்கவில்லை.

வைகுண்ட ஏகாதசிக்கு நான் ஸ்ரீரங்கம் போயிருந்தேன். விடியலுக்கு முன்னாலேயே வரிசையில் நின்று, கூட்டத்தில் செருப்பைத் தொலைத்து, சேவித்துவிட்டு மத்தியானம் வீடு திரும்பினால் கூடம் முழுக்கச் சின்ன வெங்காயம் உருண்டுகொண்டிருந்தது. பரணில் அண்டா இல்லை. கொல்லைப்புறம் ஓடினேன். என் கணவர் கையில் துளைபோடுகிற கருவி. பக்கத்தில் என் அண்டா ஒருக்களித்துக் கிடந்தது. அடியை ஒட்டி ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை. அதில் ஒரு பித்தளைக் குழாயை வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"செம்புதான் சீக்கிரம் சூடேறும்" என்றார், நான் ஏதோ அந்தச் சந்தேகத்தோடு வந்தவள் மாதிரி.

நான் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. காலையில்தான் சொர்க்கவாசல் வழியாக வந்திருந்தேன், அந்தப் புண்ணியம் முழுக்க அரை மணி நேரத்தில் கரைந்திருக்கும். என் அப்பா பொங்கலுக்கு வந்து அண்டாவைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று அழுதேன். அப்பாவின் பெயர் வெட்டின இடத்துக்கு ஒரு முழம் தள்ளி ஓட்டை விழுந்திருந்தது. அதுவரைக்கும் தற்செயலாகத் தப்பித்தது என்று நினைத்துக்கொண்டேன். மாமியார் தொட்டியடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். கையைத் திருப்பித் திருப்பித் தேய்த்துக் கழுவினார். எல்லாம் தெரிந்தே நடந்திருக்கிறது என்று அவர் மேலும் கோபம். அன்று முதல் கணவரோடு பேசுவதை நிறுத்தினேன். "உங்க பிள்ளைய சாப்பிடக் கூப்பிடுங்க அத்தை" என்று மாமியார் வழியாகத்தான் எல்லாம். அவரும், "உங்க மருமகளை இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்லுங்கம்மா" என்பார். மாமியார் இரண்டையும் அப்படியே திருப்பிச் சொல்வார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் முறைக்கு முதல் நாளே, இரண்டு நாளைக்கு வேண்டிய கரும்பு முழுவதையும் வெட்டிக் கொட்டகை வாசலில் குவித்தாயிற்று. வழக்கமாக அன்றன்றைக்குத் தேவையானதைத்தான் வெட்டுவார்கள். வெட்டின கரும்பு மூன்று நாள் தாண்டினால் புளித்துவிடும், பிறகு எத்தனை காய்ச்சினாலும் வெல்லமாகத் திரளாது. ஆனால் பிள்ளை சொன்ன கணக்கை மாமியார் அப்படியே நம்பிவிட்டார். அதாவது, இனிமேல் திரும்பிப் போக வழியில்லை.

முதல் நாள் மத்தியானம் சோற்றுக் கூடையோடு நான் கொட்டகைக்குப் போனேன். அப்போதுதான் அந்த அமைப்பை முழுசாகப் பார்த்தேன். அடுப்பின் இரண்டு பக்கமும் செங்கல் தூண், அவற்றின் மேல் இரண்டு இரும்புத் தண்டவாளம், அதன் மேல், கொதிக்கிற கொப்பரைக்கு நேர் மேலே, என் அண்டா. அண்டாவிலிருந்து கொப்பரை விளிம்பு வரைக்கும் சுற்றிலும் தகரத் தட்டிகளைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். வேண்டும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஆவி வெளியே போகாமல் அண்டாவின் அடியில் மோதும். அண்டாவில் ஊற்றி வைத்த சாறு அதில் சூடாகும், குழாயைத் திறந்தால் கொப்பரைக்குள் இறங்கும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வேலையாட்கள் தகரத்துக்குப் 'பாவாடை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஆனால் யார் முகத்திலும் ஈயாடவில்லை. பாகு காய்ச்சுபவர் முசிறிப் பக்கத்துக்காரர். முப்பது வருடமாகப் பதம் பார்த்த மனிதர். துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அஞ்சு மணி நேரமா கொதிக்குதும்மா. வேற நாளா இருந்தா இந்நேரம் ரெண்டாவது கொப்பரை ஏறியிருக்கும். இது பாகாவே ஆகமாட்டேங்குது. கெட்டியாகுற மாதிரி வருது, மறுபடியும் இளகிப்போகுது."

சாறு கறுக்க ஆரம்பித்திருந்தது. அதே பாயச நிறம். வாசலில் மலை மாதிரி கரும்பு. என் கணவர் தொட்டதற்கெல்லாம் "இப்ப வந்துரும், இப்ப வந்துரும்" என்றார். அவர் குரலில் முறுக்கு உரல் கேட்டது.

மாமியார் ஒரு கரும்புக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். அண்டாவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பரண்லயே கிடந்திருக்கலாம். ராசியில்லாத அண்டா" என்றார்.

எனக்கு எங்கிருந்து அத்தனை வேகம் வந்ததோ தெரியாது. சோற்றுக் கூடையைத் தரையில் வைத்தேன். வைத்தேன் என்று நான் சொல்வேன், போட்டேன் என்று மற்றவர்கள் சொல்வார்கள். "என் அப்பா கொடுத்த அண்டாவுக்கா ராசியில்ல? இருங்க, பார்க்கிறேன்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். "கிட்டப் போகாதே, சுடும்" என்றார் கணவர். அவரோடுதான் நான் பேசுவதில்லையே. காய்ச்சுபவர் துடுப்புப் போடுவதற்காகக் கழற்றி வைத்திருந்த தட்டியின் இடைவெளியில் குனிந்து பார்த்தேன்.

அண்டாவின் அடி முழுக்க வேர்த்திருந்தது. பொட்டுப் பொட்டாகத் திரண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, கொப்பரைக்குள் டொப் டொப்பென்று விழுந்துகொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து ஓர் ஆள் மேலே ஏறிப் புதுச் சாற்றை அண்டாவில் ஊற்றினான். குளிர்ந்த சாறு பட்டதும் அடியில் மழையே பெய்தது. கையை நீட்டி ஒரு சொட்டைப் பிடித்து நாக்கில் வைத்தேன். வெறும் தண்ணீர்.

பன்னிரண்டு நாளைக்குப் பிறகு கணவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை இது: "என்னங்க, இட்லி ஏன் நசநசன்னு போகுதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"இட்லியா?" என்றார் பாவம்.

"ஆவி மூடியில பட்டுத் தண்ணியாகி, திரும்ப இட்லி மேலயே சொட்டுறதால. இங்க நீங்க அதைத்தான் பண்ணி வச்சிருக்கீங்க. கொப்பரையிலேருந்து எவ்வளவு தண்ணி மேல போகுதோ அவ்வளவும் திரும்ப உள்ளதான் விழுது. நாளைக்கு வரைக்கும் காய்ச்சுனாலும் பாகு வராது."

அவர் குனிந்து பார்த்தார். நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார். "பாய்லர்ல அந்தத் தண்ணி எங்களுக்கு வேணும்டீ. உள்ள போனா லாபம். அந்தப் புத்தியிலேயே பண்ணிட்டேன்" என்றார். தண்ணீரைக் காப்பாற்றப் படித்தவர் தண்ணீரைத் துரத்த வேண்டிய இடத்துக்கு வந்தால் வேறென்ன நடக்கும்?

சொட்டுகிற தண்ணீரைக் கொப்பரைக்குள் விழாமல் வெளியே கொண்டுபோக அண்டாவுக்கு அடியில் சரிவாக ஏதாவது வேண்டும். தகரம் தீர்ந்துவிட்டது. திருச்சிக் கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வர அரை நாள் ஆகும். எல்லோரும் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தபோது மாமியார் எழுந்து அரிவாளை எடுத்துக்கொண்டு பக்கத்து வாழைத்தோப்புக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் தலையில் ஒரு சுமை வாழை மட்டையோடு வந்தார். தாரை வெட்டின மரத்தில் உரித்தது. ஒவ்வொரு மட்டையும் இயற்கையிலேயே ஒரு வாய்க்கால்.

"ஓடு வேயுற மாதிரி ஒண்ணு விட்டு ஒண்ணு கவுத்துப் போடுடா. ஒரு பக்கமா சரிச்சுக் கட்டு" என்றார்.

"கறை இறங்குமேம்மா?"

"இறங்குனா வெளியிலதானே போகுது? தண்ணியோட போயிட்டுப் போகுது" என்று நான் சொன்னேன். மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினார். மூன்று வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சியில் நின்றது அதுதான் முதல் தடவை.

மட்டைகளுக்கு இடையில் விட்ட சந்து வழியாக ஆவி மேலே போயிற்று. சொட்டின தண்ணீர் மட்டை வழியாக ஓடி, கொட்டகைக்கு வெளியே வைத்த குடத்தில் இறங்கிற்று. பாகு அரை மணி நேரத்தில் தலை தூக்கியது. காய்ச்சுபவர் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டி, "வந்துருச்சு" என்று கத்தினார். அந்த முதல் கொப்பரை கறுப்புதான். அதை ஆடி மாதம் வரைக்கும் நாங்களே தின்று தீர்த்தோம். இரண்டாவது கொப்பரையில் அண்டாவிலிருந்து விட்ட சாறு ஏற்கெனவே கை வைக்க முடியாத சூடு. ஊற்றி முடிப்பதற்குள் நுரை கட்டிக் கொதி வந்தது. அழுக்கை வழித்து எடுக்க எடுக்க அடியில் தேன் நிறம் தெரிந்தது. அச்சுப் பலகையிலிருந்து தட்டி எடுத்தபோது மாமியார் முதல் வெல்லத்தைத் தன் கையாலேயே சீருக்கென்று தனியாக எடுத்து வைத்தார்.

மறுநாள் பொழுது சாயும்போது வாசலில் கரும்பு இல்லை. வெளியே குடத்தில் சேர்ந்த வெந்நீரில் காய்ச்சுபவர் அலுப்புத் தீரக் குளித்தார். "முப்பது வருஷத்துல ஆலையில எனக்கு யாரும் வெந்நீர் வச்சுக் கொடுத்ததில்ல" என்று சொல்லிச் சிரித்தார். அண்டா கடைசியில் அண்டா செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்தது.

அண்டாவைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு, போகியன்று காலை மாட்டு வண்டியில் நாங்கள் மூவரும் சீரோடு புறப்பட்டோம். அரிசி, மஞ்சள் கொத்து, கரும்பு, வாழைத்தார், புடவை, நடுவில் தாம்பாளத்தில் கோபுரமாக அடுக்கிய வெல்லம். மாமியார் தாம்பாளத்தை வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டார். கொள்ளிடம் பாலத்தில் வண்டி குலுங்கியபோது வண்டிக்காரரைத் திட்டினார்.

சம்பந்தி வீட்டில் நாத்தனார் கதவோரம் நின்றாள். புது மணப்பெண்ணின் சிரிப்பு, ஆனால் கண் மட்டும் தாம்பாளத்தின் மேலேயே. சம்பந்தியம்மா ஒரு வெல்லத்தை எடுத்தார். உடைத்தார். வாசல் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். வாயில் போட்டார்.

"உங்க ஆலையிலயா காய்ச்சினீங்க?"

"எங்க ஆலைதான்."

"எப்படிங்க இப்படி ஒரு நெறம்?" என்றார் சம்பந்தியம்மா. கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

என் பிள்ளையின் மூளை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொன்னாலும் தப்பில்லை. மாமியார் என் பக்கம் கையை நீட்டினார்.

"இவ கொண்டுவந்த அண்டா. அதுலதான் சாத்தைச் சூடாக்கினோம். சும்மா இல்ல, அவங்க அப்பா பேரு வெட்டுன அண்டா" என்று சொல்லி, என் அப்பாவின் பெயரையும், ஊரையும், என் கல்யாணத் தேதியையும் அந்த வரிசையிலேயே ஒப்பித்தார். பாத்திரத்தில் இருப்பது போலவே, ஓர் எழுத்து பிசகாமல்.

எழுத்துக்கூட்டத் தெரியாத மனுஷி. நாத்தனார் முகம் மலர்ந்ததையும், சம்பந்தியம்மா இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

திரும்பி வரும்போது மாமியார் வண்டியில் அசந்து தூங்கிவிட்டார். நான் கணவரிடம் மெல்லக் கேட்டேன்: "அத்தைக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?"

"நான்தான் படிச்சுக் காட்டினேன். நீ ஸ்ரீரங்கம் போயிருந்த அன்னைக்கு. இதுல என்னடா எழுதியிருக்குன்னு கேட்டாங்க, சொன்னேன். அப்புறம் நான் ஓட்டை போட்டு முடிக்கிற வரைக்கும் எழுத்து மேல கையை வச்சு மூடிக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க. செம்புத் தூள் தெறிச்சுக் கையெல்லாம் பட்டுது. எடுக்கவே இல்ல."

தொட்டியடியில் அன்று அவர் எதற்காகக் கை கழுவிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னங்க?" என்று சீறினேன்.

"யார்கிட்ட சொல்றது? நீதான் பன்னிரண்டு நாளா என்கூடப் பேசவே இல்லையே" என்றார்.

மறுநாள் பொங்கலுக்கு என் அப்பா வந்தார். வந்ததும் வராததுமாக அண்டா எங்கே என்றுதான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் எழுந்து, "வாங்க சம்பந்தி, காட்டுறேன்" என்று அவரை ஆலைக்கொட்டகைக்கு அழைத்துக்கொண்டு போனார்.